டவுட்டா, சஸ்பெக்டா? சந்தேகம் இடறும் இடங்களும் சரிசெய்யும் வழியும்

திருநெல்வேலி பேட்டையில் ஒரு குடோனில் கணக்கு எழுதும் தம்பி ஒருவர் பாளையங்கோட்டையில் நான் எடுக்கும் மாலை வகுப்புக்கு வருகிறார். ஒருநாள் வகுப்பு தொடங்கும் முன்பே வந்து, கீறல் விழுந்த போனை என் முன்னால் நீட்டினார். "சார், இதுல என்ன தப்பு இருக்கு? மொதலாளி ஏன் இப்படிக் கேக்காங்கன்னு புரியல."

இருப்பில் நாலு மூட்டை உளுந்து குறைந்திருக்கிறது. ராத்திரி வாட்ச்மேன் மேல் இவருக்குச் சந்தேகம். வெளியூரில் இருக்கும் முதலாளிக்கு இங்கிலீஷில் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறார்: "ஐ டவுட் த வாட்ச்மேன் டுக் த பேக்ஸ்." கீழே முதலாளியின் பதில் இருந்தது. வாட்ச்மேன் எடுக்கவில்லை என்று நீங்களே சொல்கிறீர்கள், சரி, அப்படியானால் வேறு யார் என்று பாருங்கள் என்று எழுதியிருந்தார்.

முதலாளி சரியாகத்தான் படித்திருக்கிறார். தம்பி எழுதியதில் இலக்கணப் பிழையும் இல்லை, எழுத்துப் பிழையும் இல்லை. ஆனால் அந்த வரியின் பொருள் "வாட்ச்மேன் எடுத்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்" என்பது. அவர் சொல்ல வந்ததோ அதற்கு நேர் எதிர்.

இந்த இடறல் நம்மிடம் பல உருவத்தில் வரும். உங்களுக்கு எந்த உருவத்தில் வருகிறதோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம். ஆனால் முதல் தலைப்பை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள். மருந்து அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் சொன்னதை நேர் எதிராக எடுத்துக்கொள்கிறார்கள்

காரணம் நம் சந்தேகம் என்ற சொல்லின் அகலம். தினசரிப் பேப்பரில் இரண்டு செய்திகளை அடிக்கடி பார்த்திருப்பீர்கள். ஒன்றில், ஒருவரைச் சந்தேகத்தின் பேரில் போலீசார் பிடித்தனர் என்று இருக்கும். இன்னொன்றில், சந்தேகத்தின் பலனை அளித்து அவரை நீதிமன்றம் விடுதலை செய்தது என்று இருக்கும். ஒரே சொல் ஒருவரைப் பாளை மத்திய சிறைக்கு உள்ளேயும் அனுப்புகிறது, வெளியேயும் கொண்டுவருகிறது. நாம் இதைப் படித்துக் குழம்புவதே இல்லை. ஆனால் இங்கிலீஷில் உள்ளே தள்ளும் சந்தேகத்துக்கு சஸ்பிஷன் என்று பெயர், வினையாக வந்தால் சஸ்பெக்ட். வெளியே விடும் சந்தேகத்துக்கு டவுட் என்று பெயர்.

டவுட் என்றால் நம்ப முடியவில்லை, இருக்காது என்று மனம் சாய்கிறது. சஸ்பெக்ட் என்றால் ஆதாரம் கையில் இல்லை, ஆனாலும் இருக்கும் என்று மனம் சாய்கிறது.

இதை மனப்பாடம் செய்தால் அவசரத்தில் மறந்துபோகும். அதைவிட நல்ல வழி தமிழிலேயே இருக்கிறது. சந்தேகம் என்ற சொல்லை விட்டுவிட்டு அதற்கு முன்னால் வரும் வாலைப் பாருங்கள்.

"அவன் வருவானா என்பது சந்தேகம்." "அவன் வருவதே சந்தேகம்." இந்த இரண்டிலும் வரமாட்டான் என்ற பக்கம்தான் சாய்வு. இது டவுட்.

"அவன் வந்திருப்பானோ என்று சந்தேகம்." "அவன்தான் வந்தான் என்று சந்தேகம்." "அவன் மேல் சந்தேகம்." இந்த மூன்றிலும் ஆம் என்ற பக்கம் சாய்வு. இது சஸ்பெக்ட்.

சுருக்கமாக, வாலில் "வருவானா" என்பது போல ஆகாரம் (ஆ ஒலி) வந்தால் டவுட், "வந்திருப்பானோ" என்பது போல ஓகாரம் (ஓ ஒலி) வந்தால் சஸ்பெக்ட். நம் ஊர்ப் பேச்சிலும் இது அப்படியே இருக்கிறது. "ஏலே, அவன் வருவானான்னு சந்தேகமா இருக்கு" என்பதற்கும் "அவனா இருக்குமோன்னு சந்தேகமா இருக்கு" என்பதற்கும் உள்ள வித்தியாசம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த வித்தியாசம் தெரிந்த நமக்கு இங்கிலீஷ் வித்தியாசம் புதிதே இல்லை. தமிழ் வாலில் வைப்பதை அவர்கள் சொல்லிலேயே வைத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு பொருத்தமும் உண்டு. டவுட் என்ற வினைக்குப் பின்னால் இஃப் அல்லது வெதர் வரலாம்: "ஐ டவுட் வெதர் ஹீ வில் கம்." அந்த வெதர்தான் நம் ஆகாரம். சஸ்பெக்டுக்குப் பின்னால் முழு வாக்கியம் வந்தால் வெதர் வராது, தட்தான் வரும், சில நேரம் அதுவும் இல்லாமல் வரும். எனவே உங்கள் வாக்கியத்தில் வெதர் உட்கார இடம் இருக்கிறதா என்று பார்ப்பதும் ஒரு சோதனைதான்.

"வருமோ வராதோ" என்று இரண்டும் சேர்ந்து வந்தால் மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே மனம் எந்தப் பக்கமும் சாயவில்லை. அதற்கு இரண்டு சொல்லும் வேண்டாம், "ஐ அம் நாட் ஷ்யூர்" போதும்.

இது பரீட்சை மார்க்கோடு நிற்கிற விஷயம் இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி பெருகி வந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. அந்த ராத்திரியில் பெங்களூரில் இருக்கும் தமிழ் தெரியாத நண்பருக்கு "ஐ டவுட் வாட்டர் வில் என்டர் அவர் ஹவுஸ்" என்று ஒருவர் அனுப்பியிருந்தால், தண்ணீர் வீட்டுக்குள் வராது போலிருக்கிறது என்று நண்பர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார். தண்ணீர் வந்துவிடுமோ என்ற பயத்தைச் சொல்ல "ஐ அம் அஃப்ரெய்ட்" என்று தொடங்குவதுதான் சரி. சஸ்பெக்ட் என்றாலும் பொருள் சரியாகப் போய்ச் சேரும், ஆனால் பயம் போய்ச் சேராது.

குடோன் தம்பியின் வரிக்கு வருவோம். "வாட்ச்மேன் எடுத்திருப்பாரோ என்று சந்தேகம்." ஓகாரம். ஆகவே "ஐ சஸ்பெக்ட் த வாட்ச்மேன் டுக் த பேக்ஸ்." ஒரு சொல்தான் மாறியது. அதை எழுதியிருக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி, அதைப் பின்னால் பார்ப்போம்.

வகுப்பில் செல்லுபடியான "ஒரு டவுட்", இன்டர்வியூவில் எடுபடவில்லை

"சார், ஒரு டவுட்" என்று கை தூக்காத பிள்ளை நம் ஊரில் உண்டா? டவுட் கேட்பது, டவுட் கிளியர் பண்ணுவது எல்லாம் பள்ளிக்கூடத் தமிழாகவே ஆகிவிட்டன. இதைத் தப்பு என்று சொல்லிப் பிள்ளைகளை நோகடிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இது இந்திய இங்கிலீஷில் வேரூன்றிய பொருள். இங்கே கேட்கிறவருக்குப் புரிகிறது, சொல்கிறவருக்கும் கூச்சம் இல்லை. ஆசிரியரிடம் ஐயம் கேட்பது என்ற நம் பழைய வழக்கம் அதில் அப்படியே வாழ்கிறது.

சிக்கல் கேட்கிறவர் மாறும்போதுதான் வருகிறது. மேலப்பாளையத்திலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் வளைகுடா வேலைக்கு ஆன்லைனில் இன்டர்வியூ கொடுக்கிற பையன்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். சம்பளத்தைப் பற்றி எதிராளி விளக்கி முடித்ததும் "ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் எக்ஸ்பிளனேஷன்" என்கிறார்கள். கேட்கிறவர் காதில் அது "நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை" என்று விழுகிறது.

சரிசெய்ய, வாய்க்கு வந்த டவுட்டுக்குப் பதில் க்வெஸ்சன் என்று சொல்லிப் பாருங்கள். பொருள் கெடாமல் உட்கார்ந்தால் அங்கே உங்களுக்கு வேண்டியது க்வெஸ்சன்தான். "ஐ ஹேவ் எ க்வெஸ்சன் அபவுட் த சாலரி." வேலை முடிந்தது. ஒன்று விளங்கவில்லை என்றால் "ஐ டிட்ன்ட் ஃபாலோ தட் பார்ட்" என்றும் கேட்கலாம், அதுவும் மரியாதையான பேச்சுதான்.

"டவுட் ஆன் ஹிம்" என்று எழுதினால் சிவப்புக் கோடு விழுகிறது

"அவன் மேல் சந்தேகம்" என்பதில் உள்ள மேல்தான் ஆன் ஆகிவிட்டது. மேல் வந்தாலே அது சஸ்பெக்ட் என்று முன்பே பார்த்தோம். "ஐ சஸ்பெக்ட் ஹிம்", நடுவில் ஒன்றும் வேண்டாம். எதைச் செய்ததாகச் சந்தேகம் என்று சொல்ல வேண்டுமானால் ஆஃப் சேரும்: "ஐ சஸ்பெக்ட் ஹிம் ஆஃப் டேக்கிங் த மணி." ஃபார் வேண்டாம்.

அப்புறம் "ஐ டவுட் ஹிம்" என்று ஒரு வாக்கியம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. அது வேறு: அவன் சொல்லை நம்பவில்லை, அவனால் முடியும் என்று தோன்றவில்லை என்று பொருள். ஒருவரைத் திருடன் என்று நினைக்காமலே அவரை டவுட் பண்ணலாம். பந்தல்காரர் காலையில் வந்துவிடுகிறேன் என்கிறார், நமக்கு நம்பிக்கை இல்லை. அது டவுட். அவர் எதையும் எடுத்துக்கொண்டு போகவில்லை.

வந்த மெயிலில் சஸ்பெக்ட் என்று பார்த்ததும் அடிவயிறு கலங்குகிறது

இது எழுதுவதில் வரும் கோளாறு இல்லை, படிப்பதில் வருவது. ஐடி வேலையில் இருக்கும் ஒரு பெண் இப்படிப் பதறிக்கொண்டு வந்தாள். லண்டனில் இருக்கும் அவளுடைய மேலாளர் "ஐ சஸ்பெக்ட் யூ வில் நீட் டூ மோர் டேஸ்" என்று எழுதியிருந்தார். தான் வேலையை ஏமாற்றுவதாக அவர் நினைக்கிறார் என்று அவள் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

நமக்கு சஸ்பெக்ட் என்றாலே போலீஸ் ஸ்டேஷன் வாடை அடிக்கிறது. ஆனால் அந்தச் சொல்லில் குற்றம் கட்டாயம் இல்லை. உறுதியாகத் தெரியாது, ஆனால் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றுகிறது என்பதற்கெல்லாம் அவர்கள் அதைச் சாதாரணமாகப் போடுவார்கள். "ஐ சஸ்பெக்ட் யூ ஆர் ரைட்" என்றால் நீ சொல்வதுதான் சரியாக இருக்கும் போல என்று ஒத்துக்கொள்வது.

வழி இதுதான்: சஸ்பெக்டுக்குப் பின்னால் ஆள் வந்தால் குற்றம். முழு வாக்கியம் வந்தால், அந்த வாக்கியத்தில் கெட்ட காரியம் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் "என்று தோன்றுகிறது" என்று போட்டுப் படியுங்கள். அந்தப் பெண்ணின் மெயில் இப்போது "உனக்கு இன்னும் இரண்டு நாள் வேண்டியிருக்கும் என்று தோன்றுகிறது" என்று ஆகிவிடும். கூடுதல் நேரம் கொடுக்கத் தயாராக இருக்கிறார் மனிதர்.

ஆஸ்பத்திரிச் சீட்டில் சஸ்பெக்டட் டெங்கு என்று எழுதியிருக்கிறது

வீட்டுக்கு வந்து "டாக்டருக்கே டவுட்டாம்" என்று சொல்கிறோம். கேட்ட ஆச்சி "டாக்டருக்கே தெரியலையா, அப்ப ஒண்ணும் இருக்காது" என்று கஷாயம் போடக் கிளம்புகிறார். ஒரு சொல் இடம் மாறியதால் ஒரு நாள் வீணாகிறது. காய்ச்சலில் ஒரு நாள் என்பது பெரிய விஷயம்.

சஸ்பெக்டட் என்று டாக்டர் எழுதினால், அறிகுறிகள் அந்தப் பக்கம்தான் காட்டுகின்றன, சோதனை முடிவு இன்னும் வரவில்லை என்று பொருள். சிலர் அதையே நோயின் பெயருக்கு முன்னால் ஒரு கேள்விக்குறியாகப் போடுவார்கள். அரசின் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் எஸ், பி, எல் என்று மூன்று படிவங்கள் இருந்தன. எஸ் என்பது களப்பணியாளர் அறிகுறி பார்த்துச் சந்தேகிப்பது, பி என்பது டாக்டர் பார்த்து இதுவாக இருக்கலாம் என்று கருதுவது, எல் என்பது லேபில் உறுதியானது. சஸ்பெக்ட் என்பது அந்த ஏணியின் முதல் படி. ஏணியை விட்டு இறங்கும் படி அல்ல.

"த டாக்டர் டவுட்ஸ் இட் இஸ் டெங்கு" என்று இன்னொரு ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தால், டெங்கு இல்லை என்பது முதல் டாக்டரின் கருத்து என்றுதான் அங்கே எடுத்துக்கொள்வார்கள். மருத்துவ விஷயத்தில் உங்கள் இங்கிலீஷில் மாற்றிச் சொல்லவே வேண்டாம். சீட்டையே காட்டுங்கள்.

டவுட்ஃபுல், சஸ்பிஷியஸ்: எதைப் போட்டாலும் ஒட்டாத மாதிரி இருக்கிறது

இதற்கு பேங்க் நல்ல உதாரணம். திரும்பி வராத கடன்களை ரிசர்வ் வங்கி விதிப்படி சப்ஸ்டாண்டர்ட், டவுட்ஃபுல், லாஸ் என்று பிரிப்பார்கள். டவுட்ஃபுல் என்றால் அந்தப் பணம் திரும்பி வருமா என்பது சந்தேகம். இன்னொரு பக்கம், 2002-ஆம் ஆண்டின் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்படி, முறைகேடானதோ என்று தோன்றும் பரிவர்த்தனையை சஸ்பிஷியஸ் ட்ரான்சாக்ஷன் என்று வங்கிகள் மத்திய அரசின் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தப் பணம் எங்கிருந்து வந்ததோ என்ற சந்தேகம் அது. வருமா, வந்ததோ. ஒரே கட்டடத்துக்குள் அதே ஆகாரமும் ஓகாரமும்.

ஆளைப் பற்றிச் சொல்லும்போது சஸ்பிஷியஸில் மட்டும் ஒரு கண்ணி உண்டு. "ஹீ இஸ் சஸ்பிஷியஸ்" என்றால் அவர் எல்லோரையும் சந்தேகப்படுகிறவர் என்றும் வரும், அவரே சந்தேகத்துக்கு இடமானவர் என்றும் வரும். சந்தேகப்படுகிறவர் என்று சொல்ல ஆஃப் சேருங்கள்: "ஹீ இஸ் சஸ்பிஷியஸ் ஆஃப் ஸ்ட்ரேஞ்சர்ஸ்." பஸ் ஸ்டாண்டில் சந்தேகத்துக்கு இடமாக நின்றவரைச் சொல்ல "சஸ்பிஷியஸ் லுக்கிங்" என்றால் தெளிவு. "ஹீ இஸ் டவுட்ஃபுல்" என்பதில் இந்தக் குற்ற வாடையே கிடையாது. அவர் தயங்குகிறார், அல்லது காயம் பட்டதால் நாளைய மேட்ச்சில் ஆடுவது சந்தேகம், அவ்வளவுதான்.

நாட் சேர்ந்தால் தலை சுற்றுகிறது

"ஐ டோன்ட் டவுட் தட் ஹீ இஸ் ஹானஸ்ட்" என்றால் அவர் நேர்மையானவர் என்று நம்புகிறேன். டவுட்டுக்குள் ஏற்கெனவே ஒரு இல்லை ஒளிந்திருக்கிறது, வெளியே இன்னொரு இல்லை வந்ததும் இரண்டும் அடித்துக்கொண்டு போய்விடும். அப்போது வெதர் போய் தட் வரும். கடினமாக இருந்தால் "ஐ பிலீவ்" என்று எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள்.

பி எழுத்து வாயில் வந்துவிடுகிறது

டவுட்டின் எழுத்துக்கூட்டலில் உள்ள பி ஒலிக்காது. பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்தபோது அந்தச் சொல்லில் பி இல்லவே இல்லை. லத்தீன் மூலத்தில் இருந்த பி-யைப் பிற்காலப் பண்டிதர்கள் எழுத்தில் மட்டும் திரும்பச் செருகினார்கள். வாய் அதை ஏற்கவில்லை. சஸ்பெக்டில், சந்தேகப்படு என்ற வினைக்கு அழுத்தம் பின்பாதியில், சந்தேக நபர் என்ற பெயருக்கு அழுத்தம் முன்பாதியில்.

பழமையைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று. டவுட்டை சஸ்பெக்ட் பொருளில் நாம் மட்டும் புழங்கவில்லை. ஹேம்லட் நாடகத்தின் முதல் அங்கத்தில், அப்பாவின் ஆவி உலவுகிறது என்று கேள்விப்பட்ட இளவரசன் "ஐ டவுட் சம் ஃபவுல் ப்ளே" என்கிறான். ஏதோ சதி நடந்திருக்குமோ என்று அவனுக்குச் சந்தேகம். முழுக்க ஓகாரச் சந்தேகம், ஆனால் சொல் டவுட். ஸ்காட்லாந்துப் பேச்சில் இன்றும் அந்தப் பொருள் இருக்கிறது. எனவே குடோன் தம்பி எழுதியதை முட்டாள்தனம் என்று யாரும் சொல்ல வேண்டாம். முந்நூறு நானூறு வருஷத்துக்கு முந்தைய இங்கிலீஷில் அது செல்லுபடியாகியிருக்கும். இன்று செல்லாது.

சொல் சரி, ஆனால் எழுதியபின் மனது உறுத்துகிறது

அந்த உறுத்தலை மதியுங்கள். சஸ்பெக்டுக்குப் பின்னால் ஒரு மனிதர் பெயரை எழுதுவது கனமான காரியம். முதல் தகவல் அறிக்கைப் படிவத்தில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விவரத்துக்கான கட்டத்திலேயே, தெரிந்தவர், தெரியாதவர் என்பவற்றோடு சஸ்பெக்டட் என்றும் அச்சிட்டிருக்கிறது. சந்தேகம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் அது ஆதாரத்தின் இடத்தைப் பிடிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. போலீசுக்குப் புகார் எழுதுவதானால் தமிழிலேயே எழுதுங்கள். நம் வாலெழுத்துகள் நமக்குத் துணை நிற்கும்.

ஆபீசுக்கு இங்கிலீஷில்தான் எழுத வேண்டும் என்றால், பார்த்ததை மட்டும் எழுதுங்கள். திங்கட்கிழமை சாயங்காலம் எண்ணும்போது நூற்றிருபது மூட்டை, செவ்வாய் காலையில் நூற்றுப் பதினாறு. இடையில் யார் யார் வந்தார்கள், எந்த லாரி போனது. இதில் டவுட்டும் வேண்டாம், சஸ்பெக்டும் வேண்டாம்.

தம்பியும் அப்படித்தான் இரண்டாவது மெயிலை எழுதினார். லாரி விவரத்தைப் பார்த்த முதலாளிதான் கோவில்பட்டிக்குப் போன லோடை எண்ணச் சொன்னார். நாலு மூட்டையும் அங்கே கூடுதலாக இறங்கியிருந்தன. அன்றைக்கு அந்த வாட்ச்மேன் வழக்கம்போல எட்டு மணிக்குத் தூக்குச்சட்டியோடு வேலைக்கு வந்தார் என்று தம்பி சொன்னார். சொல்லிவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

எல்லாம் புரிந்தது, எழுதும்போது மட்டும் மாறிப்போகிறது

கை பழகவில்லை, வேறொன்றும் இல்லை. வகுப்பில் நாங்கள் செய்வது இது: அன்றைய தமிழ்ப் பேப்பரை எடுத்து, சந்தேகம் வரும் இடத்தையெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டு, பக்கத்தில் ட அல்லது ச என்று எழுதுவது. இங்கிலீஷில் மொழிபெயர்க்க வேண்டாம், எழுத்து மட்டும் போதும். ஒரு வாரத்தில் வாலைப் பார்க்கும் பழக்கம் தானாக வந்துவிடும்.

நேற்று ஒன்பது வட்டம் கிடைத்தது. எட்டில் எல்லோருக்கும் ஒரே விடை. ஒன்பதாவது ஒரு தலைப்பு: குளத்துக் கரையைப் பலப்படுத்திய வேலை மக்களிடையே சந்தேகத்தைக் கிளப்பியுள்ளது. வால் இல்லை. கரை அடுத்த மழைக்குத் தாங்குமா என்ற சந்தேகமா, பணம் எங்கே போனதோ என்ற சந்தேகமா? பாதிப் பேர் ட என்றார்கள், பாதிப் பேர் ச என்றார்கள். குடோன் தம்பி மட்டும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, பேப்பரைத் தன் பக்கம் இழுத்துச் செய்தியை முதல் வரியிலிருந்து படிக்கத் தொடங்கினார்.